துறைமுகம்னு வாயெடுத்தா கிளாஸ் ரெண்டா பிரியுது, என்ன செய்யலாம்?

தோவாளைப்பூ:
நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்கேன். வளர்ச்சித் திட்டங்களுக்கு உதாரணமா நம்ம குமரி மாவட்டத்துல கட்டத் திட்டம்போட்ட இனயம் துறைமுகத்த எடுத்தேன். 2016ல மத்திய அமைச்சரவை கொள்கையளவுல ஒப்புதல் குடுத்தது, பொறவு கன்னியாகுமரிகிட்ட உள்ள கோவளம், கீழமணக்குடி பக்கம் இடத்த மாத்துனது வரைக்கும் எல்லாம் நல்லா கேட்டுட்டு இருந்தாங்க. ஒருத்தன் "வேலை வரும்லா, எதுக்கு எதிர்க்கிய"ன்னான், உடனே கடற்கரைப் பிள்ளை ஒண்ணு "2017 ஒக்கி புயல்ல எங்க ஆளுங்க கடல்ல கெடந்தப்ப நீங்க எங்க போனிய"ன்னு எந்திரிச்சிட்டு. அதோட துறைமுகம் போச்சு, ஊரு, சாதி, மதம்னு வந்திட்டு. இப்ப பெஞ்சே தனித்தனியா இருக்கு. ஹெச்ஓடி இந்த டாபிக்கே வேண்டாம்ங்காரு, எனக்கு அதுல சம்மதமில்ல.

ரப்பர்பால்:
நம்ம பிள்ளைங்களுக்கு விவாதம்னா பட்டிமன்றம்தான் டீச்சர், ரெண்டு அணி, கைதட்டு, கடைசில ஒரு தீர்ப்பு. அணி பிரிக்காதீங்க. "வேணுமா வேண்டாமா"ன்னு கேக்காம "யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போவும்"னு கேளுங்க, அதுல எத சரிபாக்க முடியும்னு பிரிக்கச் சொல்லுங்க. அலைத்தடுப்புச் சுவர் கட்டுனா கரையோரமா நகருற மணல் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும், இது கட்சியில்ல, பாத்துத் தெரிஞ்சுக்கிற விஷயம்.

வள்ளம்77:
நான் கடற்கரைக்காரன், படிச்சப்ப கிளாஸ்ல நான் மட்டும்தான் அங்கேருந்து. எதெடுத்தாலும் "உங்க ஆளுங்க என்ன நெனைக்காங்க"ன்னு என்னயவே பாப்பாங்க. எனக்கே அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போவாது, இதுல ஊருக்கே நான் எப்படி பதில் சொல்லுவேன்? தயவுசெஞ்சு அந்தப் பிள்ளைய ஊர் சார்பா பேச வைக்காதீங்க. ஒக்கியப் பத்தி சொன்னது எதிர்வாதமில்ல டீச்சர், வலி. அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லப்படாது, கேட்டுட்டு கொஞ்சம் இடம் விடணும்.

பழையவாத்தியார்:
மொதல்ல சூடு கொறஞ்சதுல பழக்குங்க. 1956 நவம்பர் 1ல, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சில இருந்த நம்ம குமரி மாவட்டத்து நாலு தாலுகா தமிழ்நாட்டோட (அப்ப சென்னை மாநிலம்) சேந்துது, நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் சேரல, கேரளாவுக்குப் போச்சு. அது நியாயமான்னு கேளுங்க, ஆளுக்கொரு பாட்டி கதை வரும். ஒரு கண்டிஷன், முன்னாடி பேசுனவன் சொன்னத அவன் "ஆமா, இதத்தான் சொன்னேன்"ங்குற மாதிரி திருப்பிச் சொன்ன பொறவுதான் மறுக்கலாம். மொத நாள் சிரிப்பாங்க, விடாதீங்க.

தோவாளைப்பூ:
நெய்யாற்றின்கரை நல்லாருக்கு சார், பாதி பேருக்கு அங்க சொந்தம் உண்டு. ஹெச்ஓடிய எப்படி சரிக்கட்ட?

ரப்பர்பால்:
போர்ஷன முடிச்சிட்டுக் கேளுங்க, அப்ப எதுக்கும் தலையாட்டுவாரு.