மறுமொழி: ‘வேக் வேர்ட்’ – எழுப்புசொல்லா, விளிச்சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ‘அலெக்ஸா’, ‘ஓகே கூகுள்’ என்பதுபோல, குரலுக்குப் பதில் சொல்லும் கருவியின் கவனத்தைத் திருப்ப முதலில் சொல்கிற சொல்லை ஆங்கிலத்தில் ‘வேக் வேர்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘எழுப்புசொல்’ என்றே வைத்துவிடலாம். கேட்டவுடன் புரிகிறது. இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது, ஐயா. சிறுதொழில் செய்வோருக்கான விளம்பரக் கையேட்டில் குரல்வழி உதவியாளர்களைப் பற்றிய இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘எழுப்புசொல்’லை வைத்து ஓட்டிப் பார்த்ததில், பர்கர் கிங் விளம்பரத்தைப் பற்றிய பகுதியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் கதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 ஏப்ரலில் பர்கர் கிங் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 15 நொடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. வாப்பர் பர்கரின் அருமையை விளக்க இந்த நேரம் போதாது என்று சொல்லும் கடைப் பணியாளர், கேமராவை நெருங்கி வந்து, ‘ஓகே கூகுள், வாப்பர் பர்கர் என்றால் என்ன?’ என்று கேட்பார். விளம்பரம் அங்கே முடிந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் இருந்த கூகுள் ஹோம் என்ற குரல்வழி உதவிக் கருவிகள் விக்கிப்பீடியாவிலிருந்து வாப்பரின் விளக்கத்தை வாசிக்கத் தொடங்கும். விக்கிப்பீடியாவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் அல்லவா? குறும்பர்கள் உட்பொருள்களில் சயனைடையும் சேர்த்துவிட்டார்கள். அந்த விளம்பரக் குரலுக்குக் கருவி பதில் சொல்லாதபடி கூகுள் சில மணி நேரத்தில் செய்தது. பர்கர் கிங் வேறு குரல்களில் பதிவு செய்து மறுபடியும் வந்தது. அதே ஆண்டு கான் விளம்பர விழாவில் இந்த வேலைக்குப் பெரும்பரிசும் கிடைத்தது. அடுத்தவர் வீட்டில் தொல்லை கொடுத்ததற்குப் பரிசு தருகிற துறை!

இந்தக் கதையை எழுதும்போது ‘எழுப்பினார்கள்’ என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அந்தக் கருவி தூங்கவே இல்லை. ஒலிவாங்கி திறந்தே இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் சிறு நிரல் ஒன்று அந்த ஒரு சொல்லை எதிர்பார்த்து எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. சொல் விழுந்த பிறகுதான் அடுத்து வரும் பேச்சு நிறுவனத்தின் வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு, போகிறது. ‘உறங்கிக்கொண்டிருந்தது, எழுப்பினோம்’ என்பது விற்பவருக்கு வசதியான பேச்சு. அதை அப்படியே தமிழாக்கி நாமும் அவருக்குத் துணைபோக வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘விளிச்சொல்’. பள்ளியில் எட்டாம் வேற்றுமை படித்த எவருக்கும் ‘விளி’ தெரியும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. நம் முன் இருக்கிற ஒருவரை நம் பக்கம் திருப்பப் பெயர் சொல்லி அழைப்பது விளி; அவர் அதுவரை தூங்கினாரா விழித்திருந்தாரா என்பது பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை. மலையாளத்தில் ‘விளி’ இன்றும் அன்றாட வழக்கு. போகிற போக்கில் ஒன்று: அமேசான் உதவியாளரின் ‘அலெக்ஸா’ என்ற பெயர் நம் காதுக்கு ‘முருகா’, ‘கண்ணா’ போல ஏற்கெனவே விளியாகவே நிற்கிறது. பிற பேச்சோடு குழம்பாமல் இருக்க நடுவில் வன்மையான ‘க்ஸ்’ ஒலி வரும் பெயராகப் பார்த்து அமேசான் தேர்ந்தெடுத்தது. விளி ஏற்ற வடிவம் நமக்குக் கிடைத்த இலவச இணைப்பு.

> விளிதல் என்றால் இறத்தல் என்றும் பொருள் உண்டு. குறளிலேயே ‘விளிந்தார்’ வருகிறது. கருவிக்கு இப்படியா பெயர் வைப்பது?

உண்மைதான், அம்மா. ஆனால் அந்தப் பொருள் இன்று உரை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. ‘விளி வேற்றுமை’யைக் கேட்டு யாரும் இழவு வீட்டை நினைப்பதில்லை. எனக்கு உள்ள கவலை வேறு. ளகர ழகரம் தடுமாறி ‘விழிச்சொல்’ என்று எழுதப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். எழுதட்டும், பிழையாக எழுதினாலும் ‘விழித்துக்கொள்ளச் செய்யும் சொல்’ என்று பொருள் கிடைத்துவிடுகிறது. எழுப்புசொல் கட்சியினருக்கு இதைவிட நல்ல சமரசம் என்னால் தர முடியாது.

விளம்பரத் துறைக்கு உண்மையில் தேவைப்படுவது இதன் இணைச்சொல். பர்கர் கிங் பயன்படுத்தியது கூகுளின் சொல்லை. அதனால்தான் கூகுளால் வழியை அடைக்க முடிந்தது. வணிகப் பெயர்களுக்கு என்று தனியாக ஓர் இடம் உண்டு. ‘அலெக்ஸா, டைடிடம் கேள்’ என்றால், துணிக்கறை நீக்கும் வழி சொல்ல டைடு நிறுவனத்தார் செய்துவைத்த குரல்செயலி திறக்கும்படி இருந்தது. இதில் ‘அலெக்ஸா’ விளிச்சொல். ‘டைடு’ என்பதை ‘இன்வொகேஷன் நேம்’ என்கிறார்கள். இதற்கு ‘அழைபெயர்’ என்று வைக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கவே முடியாது. விளிச்சொற்கள் அழைபெயரில் வரக்கூடாது, ஒரே சொல்லாலான அழைபெயர் வேண்டுமானால் அது உங்கள் வணிகப் பெயராக இருக்க வேண்டும் என்றெல்லாம் அமேசான் விதி வைத்திருக்கிறது. இந்த விதியை ‘எழுப்புசொல்’, ‘எழுப்புபெயர்’ என்று எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

விளிச்சொல் கூகுள், அமேசான் போன்ற மேடைக்காரருடையது, அழைபெயர் வணிகருடையது. இது வாசகருக்குப் புரிந்தால்தான் அடுத்த செய்தி உறைக்கும். வெளியார் செய்த உரையாடல் செயலிகளைக் கூகுள் 2023 ஜூனில் ஒரேயடியாக மூடியது. அதுவரை மக்கள் வாயில் ஏற்றிவைத்த அழைபெயர்கள் அன்றோடு அங்கே செல்லாமல் போயின. வாடகை வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதைப் போன்றதுதான் இது.

திரையில் தேடினால் பத்து முடிவுகளாவது கண்ணில் படும். மூன்றாவதாக இருக்கும் கடைக்கும் பிழைப்பு உண்டு. குரலில் பெரும்பாலும் ஒரே விடை. ‘பேட்டரி வாங்கு’ என்று வாடிக்கையாளர் பொதுவாகச் சொன்னால் எதை முதலில் சொல்வது என்பதை மேடை தீர்மானிக்கிறது; ‘டியூராசெல் பேட்டரி வாங்கு’ என்றால் வாடிக்கையாளர் தீர்மானித்துவிட்டார். பெயரைக் கண்ணில் பட வைப்பதைவிட நாவில் வர வைப்பதே இங்கே விளம்பரத்தின் வேலை. எழுதினால் அழகாகத் தெரிந்து, சொன்னால் கருவிக்குப் பிடிபடாத கடைப்பெயர்களை வைத்திருக்கும் நம் ஊர் வணிகர்கள் இந்த இடத்தில் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நிறுவனத்தை அடையாளம் காட்டும் குட்டி ஒலியான ‘சோனிக் லோகோ’ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ‘ஒலிச்சின்னம்’ போதும். இன்டெலின் மணியோசையும் ஏர்டெலுக்கு ஏ.ஆர்.ரகுமான் அமைத்த மெட்டும் அந்த வகை. இதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை.

தற்செயலாக நேரும் அழைப்புக்கும் ஒரு சொல் வேண்டும். 2018இல் பிரிட்டனில் நடந்தது இது. தொலைக்காட்சியில் வந்த அமேசான் விளம்பரத்தில் ஒருவர் பூனைத் தீனிக்கு ஆணையிட, ஒரு வீட்டிலிருந்த, அலெக்ஸா இயங்கும் எக்கோ கருவியும் அதைக் கேட்டு ஆணை போடப் பார்த்தது என்று புகார் போனது. வாடிக்கையாளர் உறுதி செய்யாமல் பொருள் வராது என்பதால் விளம்பரத் தர ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. இதைப் ‘பொய்விளி’ என்று எழுதியிருக்கிறேன். ‘எழுப்பு’ என்பதிலிருந்து இப்படி ஒன்றைக் கிளைக்க வைக்க முடியுமா என்று எதிர்த்தரப்பினர் முயன்று பார்க்கட்டும்.

வரைவு வாக்கியங்கள் இவை. குறை இருந்தால் வாக்கியத்தோடு சேர்த்துச் சுட்டுங்கள், தனிச்சொல்லாக வைத்து அடிக்க வேண்டாம்:

‘உங்கள் அழைபெயர் பிற பேச்சில் அடிக்கடி வரும் சொல்லாக இருக்கக்கூடாது.’

‘விளம்பர ஒலியில் மேடையின் விளிச்சொல்லை உச்சரித்தால் பார்ப்போர் வீடுகளில் பொய்விளி நேரலாம், தவிர்க்கவும்.’

‘குரல்செயலி’யில் ஒற்று மிகுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது; ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இப்படியே கொடுத்துவிடுவேன்.