“தடை” என்று சொல்லிக் கப்பலை அடிக்கிறார்கள்: மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

செகண்ட் மேட், தூத்துக்குடி:
2024 பிப்ரவரி முதல் வாரம், சூயஸைத் தாண்டிச் செங்கடலில் தெற்கே வந்துகொண்டிருந்தோம். இஸ்ரேல் தொடர்புள்ள கப்பலுக்குத் தடை என்று சொல்லி ஏமனின் ஹூதிகள் அடித்துக்கொண்டிருந்த சமயம். கோதுமை லோடு. ஏஐஎஸ்ஸில், அதாவது நம் கப்பல் விவரத்தை மற்றவர்களுக்குக் காட்டும் கருவியில், போகும் துறைமுகத்தை எழுதும் இடத்தில், இஸ்ரேலோடு தொடர்பில்லை, எல்லோரும் இந்தியர் என்று போடச் சொன்னார் கேப்டன். அங்கே 20 எழுத்துதான் இடம். ‘நோ லிங்க் இஸ்ரேல்’ என்று இங்கிலீஷில் அடித்தால் ‘இந்தியன்’ சேர்க்க ஒரு எழுத்துக்கு இடமில்லை. அதை அடித்து அழித்து அரை மணி நேரம் போனது.

இரவு விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் ஒரு குரல். ஏமன் கடற்படையாம், பாதையை மாற்றச் சொன்னது. “பதில் பேசாதே” என்றார் கேப்டன். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் மூன்று பேர், மற்றவர்கள் கீழே சிட்டாடல் என்ற பாதுகாப்பு அறையில். குக் டீ போட மறுத்துவிட்டார். கடைசி டீ தன் கையால் இருக்க வேண்டாமாம்! அதற்கு முந்தைய வாரம்தான் 22 இந்தியர்கள் இருந்த மார்லின் லுவாண்டா டேங்கர் ஏவுகணை பட்டு எரிந்து, ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய் உதவியிருந்தது. தடை அமல் என்றால் ஏறிவந்து பேப்பரைப் பார்க்கட்டும், ஃபைலை எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. சும்மா கடந்துவிட்டோம்.

ஆபரேஷன்ஸ் டெஸ்க், சென்னை:
எங்கள் ஓனர் ஒருவருக்கு அந்த வருடம் சனாவிலிருந்து மெயிலே வந்தது. ஹூதிகளின் ‘மனிதாபிமான நடவடிக்கை ஒருங்கிணைப்பு மையம்’. உங்கள் கப்பல் ஒன்று இஸ்ரேல் துறைமுகம் போனதால் மொத்தக் கம்பெனிக்கும் தடை என்றது. அசப்பில் அமெரிக்கக் கருவூலத்திலிருந்து வரும் தடைக் கடிதம்தான். எங்கள் பையன் ஒருவன் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸ் என்ற சரக்குக் கப்பலை, அமெரிக்கக் கப்பல் என்று சொல்லி ஹூதிகள் அடித்தார்கள். இப்போது அமெரிக்கத் தொடர்பே இல்லை என்றது உரிமையாளர் தரப்பு. மூன்று மாலுமிகள் இறந்துபோனார்கள்.

ரிட்டயர்டு கேப்டன்:
தடையைக் கடலில் அமல்படுத்துவது புதிதல்ல, தம்பி. 1966இல் ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) எண்ணெய் போகாமல், மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கு வரும் டேங்கர்களைத் தடுக்கலாம், தேவைப்பட்டால் பலமும் பிரயோகிக்கலாம் என்று பிரிட்டனுக்கு ஐநா பாதுகாப்பு கவுன்சிலே 221ஆம் தீர்மானத்தில் அனுமதி தந்தது. 2019இல் ஈரான் எண்ணெயைச் சிரியாவுக்குக் கொண்டுபோகிறது என்று சொல்லி ஜிப்ரால்டரில் கிரேஸ் 1 டேங்கரைப் பிடித்தார்கள். ஐரோப்பியத் தடை ஈரான் எண்ணெய்க்கு எப்படிப் பொருந்தும் என்ற சண்டை அப்போதே உண்டு. கேப்டன் உட்பட நம் ஆட்கள் நாலு பேரைக் கைது செய்து, ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் கோர்ட் இருந்தது, வக்கீல் இருந்தார்.

2025 நவம்பரில் கருங்கடலில் ரஷ்ய எண்ணெய் வியாபாரத்தில் இருந்த கைரோஸ், விராட் டேங்கர்கள் இரண்டையும் உக்ரைன் கடல் ட்ரோன் அடித்தபோது, “தடைப்பட்டியல் கப்பல்தானே, அடித்தால் என்ன?” என்றான் என் மருமகன். எனக்கும் உக்ரைன் மேல் அனுதாபம் உண்டு. ஆனால் அது போர்க்கணக்கு, அதன் நியாயத்தைப் போர்ச் சட்டத்தில் தேட வேண்டும். பட்டியலில் பெயர் வந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது, துறைமுகத்தில் விடமாட்டார்கள். சுடுவதற்கு அதில் எங்கே லைசென்ஸ் இருக்கிறது?

செகண்ட் மேட், தூத்துக்குடி:
சரி சார். நான் அடுத்த காண்ட்ராக்டில் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவின் கேப் சுற்றும் கப்பலுக்கு மாறிவிட்டேன். ஆபத்துப் பகுதிக்குக் கிடைக்கும் டபுள் பேசிக் சம்பளம் போச்சு.