போட்டிப் பரீட்சைக்கு இலங்கையின் புவியியலும் நவீன வரலாறும்: எதிலிருந்து தொடங்குவது?

மாங்குளத்தாள் கேட்டது:

வணக்கம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கற்றதால், புவியியலும் வரலாறும் எனக்குச் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டன. இப்போது அரச சேவைக்கான போட்டிப் பரீட்சையின் பொது அறிவு வினாத்தாளுக்காக, நாட்டின் பௌதிகப் புவியியலையும் 1796 இற்குப் பிந்திய வரலாற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியுள்ளது. ஆறுகளின் நீளம், மலைகளின் உயரம், ஆணைக்குழுக்களின் ஆண்டு என்று ஒரு கொப்பியையே நிரப்பிவிட்டேன். ஆனால் அரசியலமைப்புச் சீர்திருத்தங்களில் மானிங் முந்தியதா, டொனமூர் முந்தியதா என்று தம்பி திடீரெனக் கேட்டால் அந்தக் கொப்பியைத்தான் தேடுகிறேன். வகுப்புக்குச் செல்வதாயின் வவுனியாவுக்கு பஸ் ஏற வேண்டும். வேலை அதற்கு இடம் தருவதில்லை. தனியாகப் படிப்பதற்கு வழி கூறுவீர்களா?

குளக்கட்டு (ஓய்வுபெற்ற ஆசிரியர்) எழுதியது:

பிள்ளை, கொப்பியை மூடிவைத்துவிட்டு இலங்கையின் வெற்றுப் படமொன்றை எடுங்கள். முதலில் பாறையைக் குறியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையோரத்திலும் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நாட்டின் பெரும்பகுதியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் மழைநீரை உள்ளே இறக்கிவிடுவதால் அங்கே கிணற்றுப் பாசனம் வளர்ந்தது. கடினப் பாறையின் மேல் நீர் ஓடிவிடுவதால் இங்கே மறித்துக் குளம் கட்டினார்கள். வன்னியில் பிறந்தவருக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: புவிச்சரிதவியலில் ‘வன்னித் தொகுதி’ என்று வாசிக்கும்போது நமது வன்னியை மட்டும் நினைத்துவிடாதீர்கள், அது குருநாகல் பக்கம் வரை நீள்கிறது.

பிறகு ஆறுகள். கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுவுக்கு ஓடுகிறது. பாலியாறு வவுனிக்குளத்துக்கு நீர் தந்து மேற்குக் கடலை அடைகிறது. அருவியாறு அனுராதபுரத்தின் ஊடாக மன்னார்க் கரைக்கு வருகிறது. மழையிலும் கவனம் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை என்று பாடநூல் கூறும். ஆனால் நமது காலபோகம், அதாவது பெரும்போக நெற்செய்கை, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. அது பெரும்பாலும் இரண்டாம் இடைப்பருவக்காற்றுக் காலத்துக்கும் வங்கக் கடலின் தாழமுக்கங்களுக்கும் உரியது. பல்தேர்வு வினாவில் பலர் வழுக்குவது இங்கேதான்.

வரலாற்றுக்கும் அதே படம்தான் வேண்டும். கோப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். 1830களுக்குப் பின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1867இல் கொழும்பு – கண்டி புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1869இல் இலைநோய் தென்பட்டு, கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதும்; தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், ஆகவே வந்தவர்கள் நிலையாகத் தங்கினார்கள். அவர்களின் சந்ததியினரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். மலையின் உயரத்தில் தொடங்கிய கதை பாராளுமன்றத்துக்கு வந்துவிட்டது பாருங்கள்.

அரசியலமைப்பு ஆண்டுகளுக்கு ‘யார் வாக்களித்தார்கள்?’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். 1833இல் சட்டநிருபண சபை அமைந்தபோது எவருக்கும் வாக்கில்லை, எல்லாரும் நியமன உறுப்பினரே. 1911இல் படித்த இலங்கையர் மட்டும் வாக்களித்து பொன்னம்பலம் இராமநாதனைத் தெரிந்தார்கள். 1920களின் மானிங் சீர்திருத்தங்களில் பிரதேசவாரித் தெரிவு விரிந்தாலும் வாக்குரிமை சொத்துக்கும் கல்விக்கும் கட்டுப்பட்டிருந்தது. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் 21 வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். இனித் தம்பி கேட்டால் தடுமாற மாட்டீர்கள்.

பரந்தன் சந்தி எழுதியது:

ஐயா கூறும் முறை நன்று. ஆயினும் வினாத்தாள் காரணத்தைக் கேட்பதிலும் எண்ணைக் கேட்பதே அதிகம் என்பதையும் தங்கச்சி மறக்கக்கூடாது. எனவே சில எண்களைக் கட்டாயம் மனனம் செய்யுங்கள்: பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர், பீதுருதாலகால 2,524 மீற்றர், மகாவலி 335 கிலோமீற்றர், அருவியாறு 164 கிலோமீற்றர். அருவியாறும் மல்வத்து ஓயாவும் ஒன்றே என்பதை அறியாமல் நான் ஒருமுறை புள்ளி இழந்தேன். கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யாவிட்டால் எத்தனை படம் வரைந்தும் பயனில்லை.

மாங்குளத்தாள் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு படம் வரைந்தேன். மகாவலியை மட்டக்களப்பில் கடலில் விட்டுவிட்டுப் பிறகு அழித்துத் திருகோணமலைக்கு, கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசர் பண்டாரவன்னியனைப் பற்றி ஒரு சந்தேகம்: 1803 ஒக்டோபர் 31 அவர் இறந்த நாள் என்று ஒரு குறிப்பிலும், போரில் தோற்ற நாள் என்று இன்னொன்றிலும் உள்ளது. எதை எழுதுவது?

குளக்கட்டு எழுதியது:

போரில் தோற்ற நாள் என்றே எழுதுங்கள். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், அப்பகுதியில் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்ததாகவே கூறியது, கொன்றதாகக் கூறவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஆகஸ்டில், அவர் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியிருந்தார். அதே ஆண்டு ஜூனில்தான் கண்டியில் ஆங்கிலேயப் படை அழிக்கப்பட்டது. இம்மூன்றையும் படத்தில் அடுத்தடுத்துக் குறித்து, கண்டிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.