ஃபயர் லேன்: தடமா, வழியா, பாதையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கான தீப்பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சர்வதேச தீ விதித்தொகுப்பை (ஆங்கிலத்தில் International Fire Code) ஒட்டி எழுதப்பட்ட கையேடு அது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘ஃபயர் லேன்’ வருகிறது. தீயணைப்பு வண்டி கட்டிடத்துக்கு அருகே வந்து நிற்பதற்காக எந்நேரமும் காலியாக வைத்திருக்க வேண்டிய இடம். அகலம் 20 அடிக்குக் குறையக் கூடாது. மேலே 13 அடி 6 அங்குலம் வரை கிளை, கம்பி, கூரை எதுவும் குறுக்கே நீளக் கூடாது.

இப்போதைக்கு ‘தீத்தடம்’ என்று போட்டிருக்கிறேன். சொல் சின்னது, ஆனால் படிக்கும்போது இடறுகிறது. அந்த இடத்தில் நிறுத்தும் எச்சரிக்கைப் பலகையிலும் இதே சொல் வர வேண்டும். பலகை 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து. நீளமான சொல் அடங்காது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, இடறத்தான் செய்யும். தடம் என்றால் பதிந்த சுவடு. தீத்தடம் என்றால் தீ எரிந்துபோன இடத்தின் கருப்பு என்று ஆகிவிடும். அதற்காகத் ‘தீவழி’, ‘தீநெறி’ என்று போய்விடாதீர்கள். தீ என்ற சொல்லுக்கு நெருப்பும் பொருள், தீமையும் பொருள். ‘தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்’ என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் சேர்த்து வைத்திருக்கிறார். தீநெறி என்று பலகை வைத்தால் படிப்பவர் கெட்ட வழி என்றே எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை ‘ஆறு’. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை நூல்களின் பெயரே அதற்குச் சான்று. ‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை’ என்ற குறளைப் பாருங்கள். அறத்தாறு என்பதில் ஆறு இருக்கிறது, ஊர்ந்தான் என்பதில் ஊர்தல் இருக்கிறது. ஊர்தி என்ற சொல் அந்த ஊர்தலில் பிறந்ததுதான். இரண்டையும் சேர்த்தால் ‘ஊர்தியாறு’. இன்னும் சுருக்கம் வேண்டுமென்றால் ‘எரியாறு’. வழி என்ற பொருளில் ‘அதர்’ என்றொரு சங்கச் சொல்லும் உண்டு; தீயோடு சேர்ந்தால் ‘தீயதர்’ என்று ஆகும்.

கட்டிடப் பொறியாளர்:

ஐயா, எரியாறு என்றால் எனக்கு எரிமலைக் குழம்பு ஓடுவதுதான் கண்ணில் தெரிகிறது. தீயதர் என்பதைப் பாதிப் பேர் ‘தீயது’ என்று படிப்பார்கள். இன்னொன்று: காட்டுத்தீ பரவாமல் இருக்கச் செடிகொடிகளை அகற்றிவிடும் பட்டையைத் தீத்தடுப்புக் கோடு என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அதையும் ஃபயர் லேன் என்று சொல்வதுண்டு. அதனால் ‘தீ’ மட்டும் போதாது. வண்டியும் சொல்லில் வர வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க: விதித்தொகுப்பில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தீயணைப்பு வண்டி கட்டிடத்தை நெருங்க உதவும் எல்லா வழிகளுக்கும் ஒரு பொதுச்சொல். தெரு, தனியார் சாலை, வாகன நிறுத்தத்தின் நடுவே போகும் வழி எல்லாம் அதில் அடங்கும். ஃபயர் லேன் அதில் ஒரு வகை. மற்ற வண்டிகள் போவதற்கென்று அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேடு குழம்பிவிடும். பொதுச்சொல்லுக்கு ‘அணுகுசாலை’ என்று எழுத நினைப்பீர்கள். அது ஏற்கெனவே நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் போகும் சாலைக்குப் பெயராகிவிட்டது.

தனித்தமிழ் அன்பர்:

அப்படியானால் ‘தீயணைப்பு ஊர்தி செல்வழி’. பாதை வேண்டாம், அது வடசொல் வழி வந்தது. கையேட்டில் ‘அவசர ஊர்தி’ என்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். அவசரமும் வேண்டாம். வடமொழியில் அதற்கு வாய்ப்பு, தக்க தருணம் என்றுதான் பொருள். ‘உடனடி’ என்ற பொருள் நம்மிடம் வந்தபின் ஏறியது. ‘உயிர்காப்பு ஊர்தி’ என்று எழுதலாம்.

தமிழாசிரியர்:

பொருள் மாறி நம் வீட்டில் வளர்ந்த சொல்லை வெளியே தள்ள வேண்டியதில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்று, வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தில் வரும் வடசொல்லை ஏற்கலாம் எனத் தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். மேலும், தீயணைப்பு வண்டியும் உயிர் காப்பதுதானே? ஆம்புலன்ஸ் எது, தண்ணீர் வண்டி எது என்று எப்படிப் பிரிப்பது?

தீயணைப்பு வண்டி ஓட்டுநர்:

எனக்கு இலக்கணம் தெரியாது. வண்டி ஓட்டியிருக்கிறேன், அதைச் சொல்கிறேன். 150 அடிக்கு மேல் நீளும் முட்டுச்சந்து என்றால் வண்டி திரும்ப இடம் வேண்டும் என்கிறது இந்த விதி. பிரிட்டன் வழிகாட்டுதலில் 20 மீட்டர் தாண்டினாலே திரும்ப இடம் கேட்கிறார்கள். ஏன் என்றால் புகைக்குள், இருட்டில், பின்னால் ஓடும் ஆட்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய வண்டியைப் பின்னோக்கி எடுப்பது பெரிய ஆபத்து. 30 அடிக்கு மேல் உயர்ந்த கட்டிடத்துக்கு அகலம் 26 அடி. ஏணி வண்டி இரண்டு பக்கமும் தாங்குகால்களை விரித்து ஊன்றினால்தான் ஏணி எழும். நடுவில் ஒரு கார் நின்றால் கால் விரியாது, ஏணி எழாது. ஒருமுறை ஒரே ஒரு கார் நின்றதால் தெருமுனையிலிருந்து ஹோஸைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடினோம்.

காரை நிறுத்தியவர் கெட்டவர் இல்லை. காலி இடம் என்று நினைத்தார். அது காலி இடம் இல்லை என்று உங்கள் சொல் அவருக்குச் சொல்ல வேண்டும். வண்டியின் சைரன் கேட்டால் ஜனங்கள் ‘வழி விடு, வழி விடு’ என்றுதான் கத்துவார்கள். யாரும் ‘தடம் விடு’ என்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொன்னது மனதில் தைத்துவிட்டது. அப்படியானால் ‘தீயணைப்பு வழி’?

பொறியாளர்:

அது தீயை அணைக்கும் முறை என்று கேட்கிறதே. ‘தீயணைப்பு வழிகள்’ என்று தலைப்பிட்டால் மணல் வாளி, நுரை, தண்ணீர் என்று பட்டியலை எதிர்பார்ப்பார்கள். வண்டியைச் சேர்த்து ‘தீயணைப்பு வண்டித் தடம்’ என்றால்?

தமிழாசிரியர்:

வண்டித்தடம் என்பது சக்கரம் மண்ணில் பதித்த பள்ளம். வண்டி போன பிறகு தெரிவது தடம். வண்டி வருவதற்கு முன்பே இருக்க வேண்டியது வழி. இந்த வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொறியாளர்:

சரி ஐயா, ‘தீயணைப்பு வண்டிப் பாதை’. நடைபாதை, மிதிவண்டிப் பாதை, ரயில் பாதை எல்லாம் ஜனங்களுக்குப் பழகியவை. ஒரு வகை வண்டிக்கென்று ஒதுக்கிய நிலம் என்ற பொருள் பாதையில் இயல்பாக வந்துவிடுகிறது.

தனித்தமிழ் அன்பர்:

பாதை என்றாலே பாதம்தான் நினைவுக்கு வருகிறது. வண்டிக்கு ஏது பாதம்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

நேரமாகிவிட்டது. குழும அன்பர்கள் மூவர் பாதைக்குச் சம்மதம் என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள். கையேட்டில் ஃபயர் லேன் ‘தீயணைப்பு வண்டிப் பாதை’. பொதுச்சொல் ‘தீயணைப்பு வண்டி வரும் வழி’. கலைச்சொல் போல் இல்லை என்பது தெரியும், ஆனால் யாரும் தவறாகப் படிக்க முடியாது. பலகைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று வரி: ‘தீயணைப்பு வண்டிக்கு / வழி விடவும் / வண்டி நிறுத்தாதீர்’. 26 அடி வரை அகலமுள்ள பாதைக்கு இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

பலகையில் ‘வழி’ வந்ததில் எனக்கு நிறைவு. கையேட்டிலும் அதுவே வந்திருக்க வேண்டும் என்பதே இன்னும் என் கருத்து. மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன். வண்டிப் பாதை என்பதில் ‘ப்’ விடுபடாமல் மெய்ப்பு பாருங்கள் தம்பி.