டெஸ்ட் 90% கரெக்ட்னா நோய் 90% இருக்குனு அர்த்தமா?

வைகைக்கரை:
போன மாசம் அம்மாவுக்கு (52 வயசு, எந்த தொந்தரவும் இல்ல, சும்மா செக்கப்தான்) மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய் இருக்கானு பார்க்கற எக்ஸ்ரே) எடுத்தோம், ரிப்போர்ட்ல சந்தேகம்னு வந்துச்சு. "இந்த டெஸ்ட் 90 சதவீதம் கரெக்டா சொல்லும்மா"னு அங்க ஒருத்தர் சொல்லவும், அம்மாவுக்கு 90 சதவீதம் கேன்சர்னே வீட்ல எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். பயாப்ஸி (சதை கொஞ்சம் எடுத்து பார்க்கற டெஸ்ட்) ரிசல்ட் வர்ற வரைக்கும் அம்மா சரியா சாப்பிடல, சித்தி குலதெய்வத்துக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சாங்க. கடைசில ஒண்ணும் இல்லனு வந்துடுச்சு. நான் பத்தாவது கணக்குல செண்டம் வாங்குனவன், திட்ட விலக்கம் இப்ப கேட்டாலும் போட்டு காட்டுவேன், ஆனா அந்த 90-க்கு என்ன அர்த்தம்னு டாக்டர்கிட்ட கேக்கணும்னு கூட தோணல. டெஸ்ட் தப்பா, நாங்க புரிஞ்சுகிட்டது தப்பா?

டெல்டா_பையன்:
டெஸ்ட் தப்பு இல்ல ப்ரோ, அந்த 90 வேற கேள்விக்கு பதில். நோய் இருக்கறவங்கள்ல எத்தனை பேரை பிடிக்கும்ங்கறது அது. உங்களுக்கு வேண்டியது, சந்தேகம்னு வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு நிஜமாவே நோய் இருக்குங்கறது. சதவீதத்தை விட்டுட்டு ஆளுங்களா எண்ணிப் பாருங்க. 1000 பெண்கள் வர்றாங்க, 10 பேருக்கு நோய்னு வைங்க, 9 பேரை பிடிச்சிடும். மீதி 990 பேர்ல நூத்துக்கு 9 பேரை தப்பா சந்தேகப்பட்டா அதுவே 89 பேர் ஆகுது. ஆக திரும்ப கூப்பிடறது 98 பேரை, அதுல நோய் 9 பேருக்குத்தான், பத்துல ஒருத்தர் கூட முழுசா இல்ல. ஜெர்மனில கெர்ட் கிகெரென்சர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 160 கைனகாலஜிஸ்ட்டுங்ககிட்ட 2007-ல இந்த கணக்கை கேட்டாரு, 21 சதவீதம் பேர்தான் சரியா சொன்னாங்க, பாதிக்கு மேல உங்க வீட்டு மாதிரியே 80, 90-னு சொல்லிட்டாங்க. இப்படி ஆளா எண்ண கத்துக்குடுத்த பிறகு 87 சதவீதம் பேர் சரி. ஆனா திரும்ப கூப்பிட்டா கண்டிப்பா போகணும், பத்துல ஒண்ணு சின்ன விஷயம் இல்ல.

கணக்கு_டீச்சர்:
தம்பி, நான் அரசுப் பள்ளியில பத்தாவதுக்கு கணக்கு எடுக்கறேன். புள்ளியியலும் நிகழ்தகவும் புக்ல எட்டாவது பாடம், அதான் கடைசி. அதுக்கு வர்றப்போ ரிவிஷன் டெஸ்ட் கழுத்தை பிடிக்கும், பகடை, நாணயம், மாறுபாட்டுக் கெழுனு சூத்திரத்தை போட வச்சு மார்க் வாங்க வச்சிடறோம், இந்த எண் எதைச் சொல்லுதுனு பிள்ளைங்களை கேக்கவே நேரம் இல்ல, எனக்கு அது ரொம்ப நாளா மனசுல உறுத்துது. இப்ப ஒரு பீரியட் ஒதுக்கி 100 புளியங்கொட்டை கொண்டு போறேன். ஒண்ணை மட்டும் ஒரு பக்கம் தாயக்கட்டைக்கு தேய்க்கற மாதிரி வெள்ளையா தேச்சிருப்பேன், அதான் நோய். அதையும் கூட 9 நல்ல கொட்டையையும் ஒரு சிரட்டையில போட்டு "டெஸ்ட் சந்தேகப்பட்டது இந்த பத்தை"னு சொல்லி, கண்ணை மூடி ஒண்ணு எடுக்க சொல்வேன். முதல்ல 90-னு கத்துன பிள்ளைங்க சிரட்டையை பார்த்ததும் தானா ஒண்ணு, ரெண்டுனு எண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

நெல்லை_வாசகி:
நியூஸ்லயும் இதே கதைதான். 1995-ல பிரிட்டன்ல புது வகை கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டி ஆபத்தை ரெண்டு மடங்கு ஆக்குதுனு எச்சரிக்கை குடுத்தாங்க. 7000 பேர்ல ஒருத்தருக்கு இருந்தது ரெண்டு பேர் ஆச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்துச்சு, கர்ப்பத்துல ரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம் வேற. மடங்குனு யாராவது சொன்னா எதுல இருந்து எவ்வளவுனு கேளுங்க.

வைகைக்கரை:
டீச்சர், நேத்து அம்மா முன்னாடி கொட்டையை பரப்பி செஞ்சு காட்டுனேன். அம்மா உடனே கேட்டாங்க, "நோய் இருக்கற பத்து பேர்ல ஒம்போது பேரைத்தானே பிடிக்குது, விட்டுப்போன ஒருத்தி?" எனக்கு பதில் தெரியல.

டெல்டா_பையன்:
அம்மா பிடிச்சது ரொம்ப முக்கியமான இடம். ஒண்ணும் இல்லனு அனுப்பற 902 பேர்ல அந்த ஒருத்தரும் இருக்காங்க. அதனால நார்மல்னு வந்த பிறகும் கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா, ரிப்போர்ட்டை நம்பி உக்காராம உடனே டாக்டரை பார்க்கணும்.