அரை டிகிரிக்கு இவ்வளவு பயமா?

ஆத்தங்குடிக்காரன்:
தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து நிறம் ஊற்றும் வேலை. நேற்று மகள் கேட்டாள்: "உலகம் 1.5 டிகிரி சூடானால் சமாளிக்கலாம், 2 ஆனால் மோசம்னு டீச்சர் சொன்னாங்க. அரை டிகிரியில என்னப்பா இருக்கு?" எனக்கும் பதில் தெரியவில்லை. விடிகாலையில் நிறம் கலக்கும்போது இருக்கும் சூட்டுக்கும் பத்து மணி டீக்கும் இடையே ஏழெட்டு டிகிரி ஏறிவிடுகிறது. இது நிஜமா, சும்மா பயமுறுத்தலா?

தேவகோட்டை வாத்தியார்:
அண்ணே, நீங்கள் சொல்வது ஒரு நாள் வெயில். அவர்கள் சொல்வது உலகம் முழுவதற்குமான பல வருஷச் சராசரி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டு. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே கொடும் வெயில் நாட்கள் பலமடங்கு கூடும். அந்தக் காலத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் 1.5இல் நாலு முறை, 2இல் ஐந்தரை முறை, 4இல் ஒன்பதுக்கும் மேல் என்று ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை கணக்குப் போடுகிறது.

கண்மாய்க்கரை:
தம்பி, கண்மாய் பெருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கலுங்குக்கு (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்) ஒரு முழம் கீழே இருக்கும்வரை எவ்வளவு ஏறினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. கடைசி நாலு விரல்தான் விஷயம். அதிலும் ஒவ்வொன்றுக்கும் கலுங்கு வேறு உயரம். பவளப்பாறைக்கு ரொம்பத் தாழ்வு: 1.5இல் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2இல் 99க்கு மேல். மன்னார் வளைகுடாவில் 2016இலேயே பாறைகள் வெளுத்தன. கிரீன்லாந்துப் பனிக்குக் கலுங்கு எங்கே என்று விஞ்ஞானிகளாலேயே துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஆத்தங்குடிக்காரன்:
ஐயா, கலுங்கு பாய்ந்தால் எங்கள் ஊரில் சந்தோஷப்படுவோம்! கரை உடைவது என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் புரிந்துவிட்டது. போன சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் கல் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் மயங்கிச் சாய்ந்தார். அதே நேரம் நான் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். தரை சில்லென்று இருந்தது. வெளியே இரண்டு இடத்திலும் அதே வெயில்தான்.

மகளிடம் கரைக் கதையைச் சொன்னேன். "நம்ம பட்டறைக்குக் கரை எவ்வளவு உயரம்?" என்று கேட்டுவிட்டாள். நாளைக்குத் தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.