ஸ்னாட்சில் தண்டு முன்னே விழுவது ஏந்தும் நிலையின் பிழையா, இழுவையின் பிழையா?

சுன்னாகத்துப் பயிற்றுநர்:
என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி 55 கிலோவைத் தடுமாற்றமின்றி ஸ்னாட்ச் செய்கிறாள், அதாவது நிலத்திலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குகிறாள். 58 கிலோ என்றதும் ஐந்து முயற்சிகளில் மூன்றிலாவது தண்டு தலைக்கு முன்னே விழுந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் இழுவையைத் திருத்தச் சொல்கிறார்கள், நான் உடன்படவில்லை. பளுதூக்கலுக்கு வருகிற பிள்ளைக்கு மாதக்கணக்காக இழுக்கக் கற்பித்துவிட்டு, தண்டுக்குக் கீழே குந்தி அதைத் தாங்கும் ஏந்தும் நிலை தானாக வந்துசேரும் என்று விட்டுவிடுவதுதான் நாங்கள் செய்யும் தவறு என்பது என் கருத்து. ஆகவே ஓவர்ஹெட் ஸ்குவாட்டில், தண்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஆழக் குந்தி, மூன்று செக்கன் அசையாமல் நின்று எழுவதை வாரம் மூன்று நாள் கொடுத்து வருகிறேன்.

வடமராட்சியான்:
ஐயா, தண்டு எங்கே விழுகிறது என்பது விளைவு மட்டுமே. இடுப்பு நிமிரும் கணத்தில் தொடை தண்டை மேலே செலுத்தாமல் முன்னே தள்ளினால், தண்டு வளைந்து வெளியே போகும். அதைத் துரத்திக்கொண்டு உடலும் முன்னே பாயும். அப்படி வந்த தண்டை எவ்வளவு உறுதியாகக் குந்தியிருந்தாலும் ஏந்த முடியாது. கால் விரல்களுக்கு முன்னால் சோக்கினால் ஒரு கோடு கீறிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். பாதம் கோட்டைத் தாண்டி விழுந்தால் குற்றம் இழுவையில்தான்.

சுன்னாகத்துப் பயிற்றுநர்:
நேற்று மாலை கோடு கீறிப் பார்த்தேன், தம்பி. தவறிய நான்கு தூக்கல்களிலும் பாதங்கள் கோட்டுக்குள்ளேயே இறங்கின. ஒன்றில் ஒரு விரற்கடை பின்னாலும் போயின. தண்டு மட்டுமே முன்னால் விழுந்தது.

நாவற்குழி வீராங்கனை:
அண்ணா, இழுவையை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் கொடுக்கும் மருந்தும் நோய்க்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. ஓவர்ஹெட் ஸ்குவாட்டில் பாரம் ஏற்கெனவே தலைக்கு மேலே பூட்டப்பட்டிருக்கிறது, வேண்டிய நேரம் எடுத்து இறங்கலாம். ஸ்னாட்சில் அந்த நேரம் கிடையாது. கால் செக்கனில் ஓர் உடல் தானாக விழக்கூடிய தூரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்தான். ஆழக் குந்துவதற்கு இடுப்பு அதைவிட மிகக் கூடுதலாக இறங்கவேண்டும். எனவே விழக் காத்திருப்பவர் பிந்திவிடுவார், தண்டைப் பிடித்துத் தன்னைக் கீழே இழுத்துக்கொள்பவர்தான் நேரத்துக்குப் போய்ச் சேருவார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 77 கிலோப் பிரிவில் சீன வீரர் லூ சியாவோஜுன் 175 கிலோவை ஸ்னாட்ச் செய்தார்; தன்னைவிட இருமடங்குக்கும் கூடிய நிறையைக் கைகள் இழுக்கும்போது விரைந்து நகருவது உடல்தான். இந்தக் கடைசி இழுவையைத்தான் பலர் பழகுவதே இல்லை.

அவளுக்கு ஸ்னாட்ச் பேலன்ஸ் எவ்வளவு போகும் என்று பார்த்தீர்களா? தண்டைத் தோளில் வைத்து, ஸ்னாட்சுக்குப் பிடிப்பதுபோல அகலமாகப் பிடித்து, ஒரே வேகத்தில் கீழே புகுந்து ஏந்துவது அது. ஓவர்ஹெட் ஸ்குவாட் எண்ணையும் அதனுடன் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுன்னாகத்துப் பயிற்றுநர்:
ஓவர்ஹெட் ஸ்குவாட்டில் 70 கிலோ. ஸ்னாட்ச் பேலன்ஸை இன்று காலைதான் முதன்முறையாகச் செய்வித்தேன். 52 கிலோவுக்கு மேல் முடியவில்லை. தூக்கக்கூடிய பாரத்தையே வேகமாக இறங்கி ஏந்த முடியவில்லை என்பதைக் கண்டபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. இத்தனை வாரங்களும் அவளிடம் முன்பே இருந்த பலத்தைத்தான் நான் மேலும் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வடமராட்சியான்:
எண்கள் தெளிவாக இருக்கின்றன. இழுவை பற்றிய என் சந்தேகத்தை இந்த மாணவியின் விடயத்தில் விலக்கிக்கொள்கிறேன். ஆனாலும் வேகம் பழகுவதற்கு ஸ்னாட்ச் பேலன்ஸைவிட பவர் ஸ்னாட்ச் மேலானது என்பேன். அரைக் குந்தலில் ஏந்தி, அப்படியே ஆழத்துக்கு இறங்கச் சொன்னால் பயமும் போகும்.

நாவற்குழி வீராங்கனை:
இதை நான் உறுதியாக மறுக்கிறேன். பாரம் கூடும்போது தண்டு அந்த உயரத்துக்கு வராது. உயரத்தில் ஏந்திப் பழகியவர் அங்கே முழங்கையை மடித்தபடி ஏந்திவிட்டு, பிறகு தள்ளி நிமிர்த்துவார். மூன்று நடுவர்களில் இருவர் அதைக் கண்டு சிவப்பு விளக்கைப் போட்டாலே தூக்கல் செல்லாது. நானும் அப்படி ஒரு போட்டியில் இரண்டு முயற்சிகளை இழந்திருக்கிறேன். பாரம் கையில் நின்றது, ஆனால் பலன் இல்லை. முற்காலத்தில் காலை முன்பின்னாகப் பிரித்து ஏந்தியவர்கள் பலர். ஆழக் குந்தும் முறை அதை வென்றதற்குப் பெரிய காரணம், தண்டை அவ்வளவு உயரத்துக்கு இழுக்கத் தேவையில்லாமற் போனதுதான். அந்த ஆதாயத்தைத் தொடக்கத்திலேயே கைவிடச் சொல்கிறீர்கள்.

வடமராட்சியான்:
முழங்கை மடியாமல் கவனித்துக்கொள்வது பயிற்றுநரின் வேலை. அதற்காக முறையையே தள்ளிவிட முடியாது. புதிதாக வருகிறவருக்கு பவர் ஸ்னாட்ச் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

சுன்னாகத்துப் பயிற்றுநர்:
இவள் புதியவள் அல்லள், தம்பி. நாளை தொடக்கம் மூன்று செக்கன் நிற்பதை நிறுத்துகிறேன். 15 கிலோ வெறுந்தண்டில் நிமிர்ந்து நின்றபடியே கீழே புகும் பயிற்சி, பிறகு 35 கிலோவில் ஸ்னாட்ச் பேலன்ஸ்; பாதம் நிலத்தைத் தொடும் கணத்திலேயே முழங்கை பூட்டியிருந்தால் மட்டும் இரண்டரைக் கிலோ கூட்டுவேன். 58 கிலோவை ஒரு மாதத்துக்குத் தொடப்போவதில்லை. அதன் பின்னர் அதே கோட்டைக் கீறித் தூக்கவைத்து, முடிவை இங்கே எழுதுகிறேன்.